தம்பிதுரையின் சம்சாரம்

தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருந்த தம்பிதுரைக்கு நாற்பது வயது வரை பெண் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். முப்பது வயதில் வரிசையாக வந்த ஜாதகங்களை அவன் அம்மா சென்னியம்மாள், ஒருத்திக்குக் கழுத்து குட்டை, ஒருத்திக்கு அப்பன் குடிகாரன், ஒருத்தி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது போலப் பொறுக்கித் தள்ளினாள். முப்பத்தைந்துக்கு மேல் ஜாதகம் வருவதே நின்றுபோயிற்று. பெண்ணைப் பெற்றவர்கள் கம்பெனியில் இருக்கிற மாப்பிள்ளை வேண்டும் என்றார்கள். தோப்புக்காரன் என்றதும் போனை வைத்தார்கள். இப்போது கத்தரிக்காய்கள் சென்னியம்மாளைப் பொறுக்கித் தள்ளின.

கடைசியில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடியறையில் கல்யாணத் தகவல் நிலையம் நடத்தும் பாலகோபால்தான், பாலக்காட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரஜிதாவைக் கொண்டுவந்து சேர்த்தார். அப்பன் அம்மா இல்லை. சுதீஷ் என்று வண்டி ஓட்டும் அண்ணன் ஒருத்தன் மட்டும். மலையாளத்துப் பெண் என்று தெரிந்தால் மானம் போய்விடும் என்று கல்யாணத்தை விடியற்காலையில் மருதமலையில் பத்துப் பேரோடு முடித்துக்கொண்டு, "கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நம்ம கவுண்டர் ஊட்டுப் புள்ளதானுங்க" என்று ஊருக்குச் சொன்னார்கள். ரஜிதா என்ற பெயரை ராஜாத்தி ஆக்கினார்கள். ஆக்க முடியாமல் நின்றது அவள் நாக்கு. அதற்கும் சென்னியம்மாளிடம் வைத்தியம் இருந்தது.

"ஒரம்பரை வந்தா சிரிச்சுப்போட்டு உள்ள போயிரு அம்மணி. வாயத் தொறந்தீன்னா மூணாவது வார்த்தையில மலையாளம் எட்டிப் பாக்குது" என்றாள்.

மூன்று வருஷமாக ரஜிதா சிரித்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவளை ஊமை என்றார்கள், பாதிப் பேர் திமிர் என்றார்கள்.

யார் வந்தாலும் தம்பிதுரை அவளைக் காட்டி, "இது நம்ம சம்சாரமுங்க" என்பான். முதல் தடவை கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் ஊரில் சம்சாரம் என்றால் பேச்சு. நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் சம்சாரிக்கிறார்கள் என்பார்கள். இந்த மனுஷன் நம்மைக் காட்டி 'இது என் பேச்சு' என்கிறானே, எவ்வளவு ஆசை இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், புதுப்பெண்ணுக்கு என்ன தெரியும்.

பக்கத்துத் தோப்பு ஹாரிகாவிடம் மட்டும் இதைச் சொன்னாள். ஹாரிகா நாயுடு வீட்டு மருமகள், வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவள்.

"எங்க பேச்சுல சம்சாரம்னா குடும்பங்க்கா. சட்டி பானை, புள்ளகுட்டி, மாமியா நாத்தனா எல்லாம் ஒட்டுக்கா அதுக்குள்ள வந்துரும்" என்றாள் ஹாரிகா.

மட்டையுரிக்க வந்திருந்த பீகார்க்காரன் ஒருவன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். தன் ஊரில் 'சன்சார்' என்றால் இதெல்லாம் என்று தென்னைகளையும் மலையையும் மேலே போன மேகத்தையும் சேர்த்து இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினான். உலகமாம். ரஜிதா யோசித்துப் பார்த்தாள். பேச்சு அவளுக்கு இல்லை. குடும்பத்தில் அவள் பெயரே இல்லை. உலகம் தோப்பு வேலியோடு சரி. இத்தனை பெரிய சொல்லில் அவள் பங்குக்கு வந்தது தம்பிதுரை சொல்லும் 'பெண்டாட்டி' என்ற துண்டு மட்டும்தான். அன்றைக்கு உரித்த தேங்காயை எண்ணிக் குவித்துவிட்டுப் போய்ச் சோறு வடித்தாள்.

பேச்சே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மத்தியானம் மாமியார் கண்ணசந்ததும் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று அண்ணனுக்குப் போன் போடுவாள். மோட்டார் சத்தத்தில் அவள் மலையாளம் யார் காதிலும் விழாது. ஒரே ஒரு தடவைதான் அது வெளியே கேட்டது. வந்த முதல் வருஷம், பொழுது சாயும் நேரத்தில் ஒற்றை யானை வாழையில் இறங்கிவிட்டது. ஊரே தகரம் தட்ட, ரஜிதா தன்னை மறந்து, "போ ஆனே, போ" என்று கத்தினாள். சென்னியம்மாள் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். யானை வாழையைத் தின்றதுகூட அவளுக்குப் பெரிதில்லை, யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்றுதான் சுற்றிலும் பார்த்தாள். அந்த யானையே கேரளத்திலிருந்து வாளையார் காட்டைத் தாண்டி வந்ததாக இருக்கும். அதனிடம் ஊரில் யாரும் என்ன கூட்டம் என்று கேட்கவில்லை.

கூட்டம் என்பது குலம். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் என்ன கூட்டம், எந்தக் குலசாமி என்று கேட்பார்கள். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் பங்காளிகள், அதாவது அண்ணன் தம்பிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கச்சி முறை. அவளைக் கட்டினால் கூடப்பிறந்தவளைக் கட்டிய மாதிரி. தம்பிதுரை என்ன கூட்டம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்குக் கதை சொல்கிறவன் வாசலில் நாலு கார் வந்து நிற்கும்.

குழந்தை கவினுக்கு ஒரு வயது நெருங்கியபோது தம்பிதுரையின் அத்தை பழனாத்தாள் காங்கயத்திலிருந்து வந்து இறங்கினாள். அப்பனோடு கூடப்பிறந்தவள். வெற்றிலையை மென்றுகொண்டே ஊர் மானத்தை எடை போடுகிறவள்.

"ஏஞ் சென்னி, பேரனுக்கு மொட்டையும் காது குத்தும் எப்ப?" என்றாள்.

"வைகாசியில வெச்சிருக்கறமுங்க நங்கையா. நம்ம குலசாமி கோயில்லயே."

"மாமன் வாரானா?"

சென்னியம்மாள் முந்தானையைச் சரிசெய்தாள். "வருவாருங்க."

"வருவாரு வருவாருன்னுதான் சொல்றே. கலியாணத்துல காணோம். வளைகாப்புல காணோம். மாமன் மடி இல்லாம குத்துனா அது காது குத்தா, ஆசுபத்திரி ஊசியா? இந்தத் தடவ சீர்த்தட்டோட வந்து நிக்கோணும். என்ன கூட்டம், எந்தச் சாமின்னு நானே கேட்டுக்கறேன். நீ ஒண்ணும் சொல்லாண்டாம்."

அவள் போன பிறகு வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். குழந்தை நடுவில் தவழ்ந்தது.

"ஏட்டனை வரச் சொல்லலாங்க. மாமன் அவருதானுங்க" என்றாள் ரஜிதா.

"வரட்டும் கண்ணு. வராண்டாம்னு யாரு சொன்னா?" என்றான் தம்பிதுரை. பெரிய கணக்கைப் போட்டு முடித்தவன் மாதிரி முகம் மலர்ந்தது. "வேனுக்கு எப்படியும் டிரைவர் வேணுமில்ல. அவன வெச்சு ஓட்டிக்கலாம். கோயிலுக்கு வந்த மாதிரியும் ஆச்சு, புள்ளயப் பாத்த மாதிரியும் ஆச்சு."

"அப்ப மடியில யாருங்க வெக்கறது?"

"அத பாலகோபால் பாத்துக்கறேன்னுட்டாரு. பெருந்துறையில ஒருத்தரு இருக்காராம். நம்ம சனந்தான். பாக்க நல்லா இருப்பாராம்."

சென்னியம்மாள் தலையாட்டினாள். ரஜிதா புருஷனைப் பார்த்தாள். மீசையைக் கறுப்பாக்கியிருந்தான். பெற்ற பிள்ளைக்கு மாமனை வாடகைக்கு எடுக்கிற ஆளுக்கு மீசை ஒரு கேடு என்று நினைத்தாள்.

மறுநாள் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று அண்ணனிடம் சொன்னபோது அவன் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ, "சாரமில்ல மோளே" என்றான். பரவாயில்லையாம். குழந்தையைத் தூரத்திலிருந்தாவது பார்க்கலாமே என்றான். கல்யாணச் செலவை அவர்கள் ஏற்றுக்கொண்டதை இன்னும் மறக்காதவன். அவளுக்கு அவன் மேலும் வெறுப்பு வந்தது. போனை வைத்துவிட்டு ஈர்க்கு கிழிக்க உட்கார்ந்தாள். அன்றைக்குக் கிழித்த ஈர்க்கெல்லாம் ஒன்றுக்குப் பாதி முறிந்தது.

வைகாசிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து கோயில் வேப்பமரத்தைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. காங்கயத்துக்குக் கிழக்கே பொட்டல்காட்டுக்கு நடுவில் கோயில். பின்னால் தகரக் கொட்டகையில் கிடாக்கறி வெந்துகொண்டிருந்தது. வேனை ஓட்டிவந்த சுதீஷ் மரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தான். காலையில் வீட்டு வாசலில் இறங்கிப் பிள்ளையைத் தூக்கப் போனவனை, "டிரைவரு வண்டிலயே இருக்கட்டும்" என்று சென்னியம்மாள் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தாள்.

வேலுமணி தனிக்காரில் வந்தான். பெருந்துறையில் பழைய கார் வாங்கி விற்கிறவன். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் சங்கிலி. பாலகோபால் போனில் அனுப்பிய இடத்தைக் கூட வந்தவனிடம் காட்டிவிட்டுப் பின்சீட்டில் நன்றாகத் தூங்கிவந்திருந்தான். கார்க் கதவைத் திறந்து கோபுரத்தைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனதை ரஜிதா கவனித்தாள். "அட, இங்கயா" என்று முனகினான். யாரும் சொல்லாமலே சரியான இடத்தில் செருப்பை விட்டான். புதிதாக வருகிறவன் தடுக்கி விழும் அந்த உடைந்த படியைக் காலைத் தூக்கித் தாண்டினான். அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் தலைப்பாகையும் மாலையும் போட்டோவும் காத்துக்கொண்டிருந்தன. நம்மை யார் அடையாளம் காணப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

கொட்டகைக்குப் பின்னால் சென்னியம்மாள் அவன் கையில் சீர்த்தட்டைத் திணித்தாள். தேங்காய், பழம், புதுத்துணி, தோடு எல்லாம் அவளே வாங்கியது. அதை முன்பக்கமாகச் சுற்றி வந்து அவளிடமே கொடுத்தான். அவள் முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிக்கொண்டாள். இந்தக் கூத்தை வேனிலிருந்து சுதீஷ் பார்த்துக்கொண்டிருந்தான்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை வேலுமணி மடியில் வைத்தார்கள். முகம் தெரியாத மடியில் அது முதுகை வில்லாக வளைத்து அழுதது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழனாத்தாள் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மாப்ளைக்கு என்ன கூட்டமுங்க?"

பாலகோபால் சொல்லிக்கொடுத்திருந்த ஒரு கூட்டத்தின் பெயரை வேலுமணி ஒப்பித்தான்.

"குலசாமி எங்கிருக்குதுங்க?"

"அது ஈரோட்டுக்கு அக்கட்டாலங்க."

"ஈரோட்டுக்கு அக்கட்டாலன்னா எங்கீங்க?"

அதற்குள் பூசாரி விபூதித் தட்டோடு வந்துவிட்டார். வயசானவர், கண் மட்டும் கூர்மை. எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தவர் வேலுமணி முன்னால் நின்றார்.

"அடடே, வேலுமணிக் கவுண்டரு. மாசி நோம்பிக்கு வரி குடுத்துப்போட்டுப் போனவரு, இப்பத்தான் கண்ணுல படறீங்க" என்றார் சந்தோஷமாக. பிறகு மணையைப் பார்த்தார். "ஏனுங்க, மாமன் மணையில போயி உக்காந்துட்டீங்க? பங்காளியெல்லாம் இந்தப் பக்கமுங்களே."

கோயிலுக்கு வரி கொடுப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் பிறந்தவர்கள் மட்டும்தான் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும்.

பழனாத்தாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவசரமே படவில்லை.

"வேலுமணி நமக்குப் பங்காளி. வேலுமணி தங்கச்சி இந்தப் புள்ள" என்று விரல் விட்டாள். "ஏந்தம்பி, அப்ப நீ யாரக் கட்டியிருக்கறே?"

ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தப் பந்தியில கை நனைக்க முடியாதுங்க" என்று எழுந்தார். அவரோடு நாலு பேர் எழுந்தார்கள். வேலுமணி குழந்தையை மணையில் இறக்கிவிட்டுத் தலைப்பாகையைக் கழற்றினான். பேர்போன பாலகோபால் எல்லாருக்கும் ஒரு கூட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாரே தவிர, ஆளுக்கு நிஜத்தில் என்ன கூட்டம் என்று கேட்க மறந்திருந்தார்.

"அப்படியெல்லாம் இல்லீங்க நங்கையா" என்று சென்னியம்மாள் அலறிக்கொண்டு வந்தாள். "இவுருக்கும் இவளுக்கும் ஒரு ஒட்டும் இல்லீங்க. இவ கவுண்டச்சியே இல்லீங்க. மலையாளத்துக்காரீங்க."

மூன்று வருஷமாகச் சோற்றில் மறைத்த பூசணிக்காயை ஒரே வாயில் வெளியே துப்பிவிட்டாள்.

"நேத்து வரைக்கும் கவுண்டச்சின்னே. இன்னிக்கு மலையாளத்துக்காரிங்கறே. நாளைக்குச் சீனாக்காரிம்பே" என்றாள் பழனாத்தாள்.

"மெய்யாலுமேங்க அத்தை. அதா அந்த வேன் டிரைவருதான் இவ அண்ணன்" என்று தம்பிதுரை கை காட்டினான். "ஏப்பா சுதீஷு, நீயே சொல்லு."

சுதீஷ் வேனுக்குள்ளிருந்தே, "ஆமாங்க, நான்தாங்க அண்ணன்" என்றான். பாலக்காட்டுக்கும் உக்கடத்துக்கும் வண்டி ஓட்டித் தேய்ந்தவன். தமிழ் சுத்தமாக வந்தது. அதுவே வினையாயிற்று.

"ஒரு மாமன் எரவல். ரெண்டாவது மாமனும் எரவலா இருந்தா நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள் பழனாத்தாள். "மலையாளத்துக்காரின்னா அவ பேசட்டும். அவ வாயால ரெண்டு வார்த்தை மலையாளம் கேக்கோணும். கேட்டாத்தான் நான் இலையில உக்காருவேன்."

எழுந்தவர்கள் நின்றார்கள். பெரியவரும் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். எல்லாரும் ரஜிதாவைப் பார்த்தார்கள்.

"பேசு கண்ணு" என்றாள் சென்னியம்மாள். பேசாதே என்று பொத்திய அதே கை இப்போது அவள் மோவாயைப் பிடித்துக் கெஞ்சியது. "எந்தங்கமில்ல. உன்ற பாஷையில ரெண்டே வார்த்தை. என்னமோ ஒண்ணு. ஊட்டுல ஆனையத் தொரத்துனியே, அது சொன்னாலும் போதும்."

ரஜிதா அந்தக் கையைப் பார்த்தாள். கறுத்த மீசையைப் பார்த்தாள். கார் ஓட்டிவந்தவனைத் தேடிக்கொண்டிருந்த வேலுமணியைப் பார்த்தாள். இந்தக் கும்பலுக்குப் பயந்தா மூன்று வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தோம் என்று அவளுக்கு அப்போது ஆத்திரம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. மணையில் கிடந்து அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக வேப்பமரத்தடிக்கு நடந்தாள். வேன் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன் மடியில் பிள்ளையை வைத்தாள். அவன் பதறி, வேண்டாம் என்பது போல ஏதோ முணுமுணுத்தான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

ஆசாரி பசியோடு இருந்தவர். "எனக்கு மடி வேணும், புள்ள ஆடாம இருக்கோணும், அவ்வளவுதானுங்க" என்று ஊசியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். சுதீஷ் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான். கடுகளவுக்கு இரண்டு பொன்தோடு. யாரும் கேட்காமலே வாங்கிவந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்தான். குழந்தை ஒரு தடவை வீறிட்டது, மாமனின் காக்கிச் சட்டையில் மூக்கைத் தேய்த்தது, அடங்கியது.

வந்திருந்தவர்கள் எல்லாரும் வேனைச் சுற்றி வந்து நின்றார்கள். சென்னியம்மாள் மூச்சு வாங்கினாள்.

"நீ கேட்டது ஆச்சில்ல கண்ணு. இப்பப் பேசு."

தம்பிதுரை முன்னால் வந்து, பிறந்ததிலிருந்து யாருக்கும் கூப்பாத கையைக் கூப்பினான். "உன்னக் கும்புட்டுக் கேக்கறேன். எல்லாரும் பாக்கறாங்க. நீ என்ற சம்சாரமில்ல?"

ரஜிதா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சொந்தபந்தம் முழுவதும் முதல் தடவையாக அவள் குரலைக் கேட்டது.

"மூணு வருசமா பேசாண்டாம்னு சொன்னீங்க. வாய மூடிக்கிட்டு நீங்க பேசறதையே கேட்டுக்கிட்டு இருந்ததுல உங்க பேச்சுத்தானுங்க வந்துச்சு" என்றாள். "மலையாளம் எனக்கு மறந்துபோச்சுங்க."

ஒரு ங்க கூடப் பிசகவில்லை. பழனாத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கேட்டியா சென்னி. காங்கயத்துல பொறந்தவகூட இத்தன சுத்தமாப் பேசமாட்டா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனாள்.

அவளுக்குப் பின்னால் பெரியவர் போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் போனார்கள். கார்கள் ஒவ்வொன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. வேலுமணி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதற்கும் முன்னாலேயே போயிருந்தான். சமையல்காரர் கரண்டியும் கையுமாக வெளியே வந்து, போட்ட இலையெல்லாம் காற்றில் புரளுவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். தம்பிதுரை கோயில் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்தில் சென்னியம்மாள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

ரஜிதா கொட்டகைக்குள் போய் ஒரு இலையில் சோறும் கறியும் வாங்கிவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். கறி நன்றாக வெந்திருந்தது. அவன் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பிசைந்து சாப்பிட்டான். கடைசிக் கார் தார்ச்சாலையில் ஏறி மறைவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி, தோப்பில் யானையைத் துரத்திய அதே உரத்த குரலில் கேட்டாள்.

"ஏட்டா, குறச்சுகூடி இடட்டே?"

இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றுதான் கேட்டாள். அதைக் கேட்க அங்கே சொந்தபந்தத்தில் தம்பிதுரையும் அவன் அம்மாவும் மட்டும்தான் மிச்சமிருந்தார்கள்.